உரமிடாத பாத்தி

1

சுலோச்சனாவிடம் ஒருநாள் நான் கத்தினேன். இந்தக் கதையை எழுத வேறு காரணமில்லை.

முதல் தொடக்கம்: "திருத்தணியை அடுத்த கே.ஜி.கண்டிகையில், மழை ஓய்ந்த ஓர் இளங்காலையில்…" (வேண்டாம். மழை அழகாகிவிடுகிறது.)

நேராகச் சொல்கிறேன். யூரியா இட்ட மண்ணிலிருந்து எழும் நைட்ரஸ் ஆக்சைடை சுலோச்சனாவின் வயலில் அளந்துகொண்டிருந்தேன். [பூமியைச் சூடாக்கும் வாயு. உரத்தின் அளவு, மண்ணின் ஈரம், வெயில், எல்லாம் அதைக் கூட்டும், குறைக்கும். இதற்கு மேல் விளக்கினால் ஆய்வறிக்கையாகிவிடும்.] நான்கு பாத்திகள். மூன்றில் வெவ்வேறு அளவு யூரியா. நான்காவதில், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக, எதுவுமில்லை. அங்கே மட்டும் நெற்பயிர் வெளுத்து நின்றது.

2

ஒரு மழைக்குப் பிறகு நான்காவது பாத்தியில் வாயுவின் அளவு எகிறியது.

"யூரியா போட்டீங்களா?"

"ஆங். ரெண்டு கை போட்டேன்."

"படிச்சுப் படிச்சு சொன்னேனே! ஒரு பருவ வேலையே போச்சுங்க!"

அவர் வரப்பைப் பார்த்தபடி சொன்னார்:

"எங்க வூட்டுக்காரரு ஆஸ்பத்திரில இருந்தப்போ வாயில ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னாங்க மேடம். கஞ்சி குடு, கஞ்சி குடுன்னு கேட்டுகினே இருந்தாரு. நான் குடுக்கல. மூணாம் நாளு போயிட்டாரு. டாக்டரு சொன்னது சரிதான். ஆனா இதுவும் கண்ணெதிர காஞ்சிகினு நிக்கிறத பாக்க முடியல."

(முதல் வரைவில் இங்கே நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பொய். வாயு பிடிக்கும் பெட்டிகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்தேன்.)

3

ஒப்பிடப் பாத்தி இல்லாததால் அந்த வயலையே ஆய்விலிருந்து நீக்கினோம். வேலை மணவூருக்கு மாறியது. அவரிடம் யாரும் சொல்லவில்லை.

அடுத்த ஆண்டு கண்டிகை பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். அவரே ஓடிவந்தார்.

"மேடம், எங்க வயல பத்தி எழுதுறீங்களே, அந்த புக்கு வந்துடுச்சா? நெலம் எங்க வூட்டுக்காரரு சேட்டு பேர்லதான இருக்குது. சேட்டு நெலம்னு போட்டீங்களா?"

ஒரு முடிவில், "போட்டேன்" என்கிறேன். அவர் சிரிக்கிறார். அந்தச் சிரிப்பை என்னால் எழுத முடியவில்லை.

இன்னொன்றில் உண்மையைச் சொல்கிறேன். அவர்… (இதையும் அடித்துவிட்டேன்.)

நடந்தது இதுதான்: பஸ் வந்தது. ஏறிவிட்டேன். ஜன்னலுக்குக் கீழே அவர் இன்னும் பதிலுக்காக அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?