ரப்பர் பேண்டுக்கு அந்தப் பக்கம்

1

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணி. செருப்பு அலமாரியின் மேல் ஒரு கையை ஊன்றிக்கொண்டு அக்கா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். தம்பி முக்கால்வாசி படித்த நாவலோடு வந்து நின்றான்.

"அக்கா, இந்தப் படகுக்காரன் கடைசில செத்துடுவானா?"

"எந்தப் படகுக்காரன்?"

"நீ போன வாரம் முடிச்சியே, அது."

"அவனா? சாக மாட்டான். படகை வித்துட்டு மக வீட்டோட போயிடுவான். தைரியமா படிடா."

"மகளோட சண்டையாச்சே. ஒத்துக்குவாளா?"

"ஒத்துக்கிட்டா. மருமகன்தான் கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருப்பான். எனக்கு நேரமாச்சு. சின்ன டெஸ்ட்தான், வெள்ளிக்கிழமை வந்துடுவேன். ஃப்ரிட்ஜ்ல இருக்கறதை எடுத்துச் சாப்பிடு. அது கெட்டுப்போச்சா இல்லையான்னும் நான் வந்துதான் சொல்லணும்னு உக்காந்திருக்காத."

இது நான் எழுதிய ஐந்தாவது தொடக்கம். முதல் நான்கும் 'நான்' என்று ஆரம்பித்தன. நான்கும் இரண்டாம் பத்திக்குள் மூக்கை உறிஞ்சத் தொடங்கின. ஆகவே 'நான்' இருந்த இடத்தில் 'தம்பி'யை உட்காரவைத்தேன். தம்பி என்றதும் அரைக்கால் சட்டைப் பையனை நினைத்துக்கொள்ள வேண்டாம். வயது ஐம்பத்தொன்று. கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது தொழில். ஊரில் பாதிப் பேர் பொடி எழுத்தைப் படிப்பது அவன் தயவில்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்கிறேன். இது கதையாகப் பிறந்ததே இல்லை. எங்கள் குடியிருப்பில் ஒரு வாசகர் வட்டம் இருக்கிறது. ஆண்டு முடியும்போது ஒரு மலர் போடுவார்கள். 'இந்த ஆண்டு படித்தவையும் எனக்குப் பிடித்த பத்தும்' என்று ஒவ்வொருவரும் எழுதித்தர வேண்டும். செயலாளர் ஒரு பல் டாக்டர். வாயைத் திறக்கவைத்துவிட்டுக் கேள்வி கேட்டுப் பழகியவர். பதிலுக்குக் காத்திருக்கும் வழக்கம் கிடையாது.

"பத்தே பத்து புத்தகம் சார். ஒண்ணுக்கு ஒரு வரி. போதும்."

போன வருட மலரில் ஓர் உறுப்பினர் நூற்றுப்பன்னிரண்டு புத்தகம் படித்ததாக எழுதியிருந்தார். அதிலிருந்து அவர் பெயரே நூற்றுப்பன்னிரண்டு. எந்தப் புத்தகத்தில் என்ன இருந்தது என்று சொல்ல அவருக்கு நேரமில்லை, அடுத்ததைப் படிக்க வேண்டுமே.

2

தம்பி படிக்கும் முறையை விளக்காமல் மேலே போக முடியாது. (விளக்கினால் மரியாதை போய்விடும். போகட்டும்.)

பதினோரு வயதில் அவன் படித்த கதைப்புத்தகம் ஒன்றில் ஒரு நாய் செத்தது. இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள், அப்போது பதினாறு வயதான அக்கா ஒரு சட்டம் போட்டாள். இனி எந்தப் புத்தகமானாலும் அவள்தான் முதலில் படிப்பாள். அவன் கேட்கும்போது முடிவைச் சொல்லுவாள். அவள் முடித்த பிறகு அவன் படிக்கலாம், கடைசி அத்தியாயம் நீங்கலாக. தெரிந்த முடிவை மறுபடி எதற்குப் படிக்க வேண்டும்? தவறிக்கூடக் கண் படாதிருக்க, அந்தப் பக்கங்களைச் சேர்த்து ஒரு ரப்பர் பேண்ட் போட்டுவிடுவாள்.

பதினோரு வயதுப் பிள்ளைக்கு நல்ல ஏற்பாடு. நாற்பது வருடம் நீடித்ததுதான் கொஞ்சம் அதிகம். நடுவில் அவனுக்கு மீசை வந்தது, வேலை வந்தது, மனைவி வந்து ஒன்றரை வருடத்தில் போனாள்.* ரப்பர் பேண்ட் மட்டும் போகவில்லை.

* அந்த முடிவை அக்கா முன்கூட்டிச் சொல்லவில்லை. ஏன் என்று பிற்பாடு கேட்டதற்கு, "நீதான்டா கேக்கல" என்றாள்.

அக்காவுக்கு லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் ஃபோன் எடுக்கும் வேலை. இரண்டு மாடிகளுக்கு நடுவே நின்றுபோன லிஃப்டுக்குள்ளிருந்து யாராவது அழுதுகொண்டு கூப்பிடுவார்கள். "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு, அஞ்சு நிமிஷம்" என்பாள். ஆள் அப்போது ஊரின் மறுகோடியில் வேறொரு லிஃப்டின் வயிற்றுக்குள் இருப்பார்.

"அது பொய்தானேக்கா?" என்று தம்பி ஒருமுறை கேட்டான்.

"உள்ள மாட்டிக்கிட்டவங்களுக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல எதுவும் தேவைப்படாதுடா. அது முடிஞ்சதும் இன்னொரு அஞ்சு நிமிஷம் குடுத்துக்கலாம்."

இதைப் படித்ததுமே உங்களுக்கு விஷயம் புரிந்திருக்கும். தம்பிக்கு நாற்பது வருடம் புரியவில்லை. நான் வாசகரைக் குறைத்து மதிப்பிடுகிறவன் அல்ல. கதாபாத்திரத்தைத்தான்.

3

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்ற அக்கா வியாழக்கிழமையே வந்துவிட்டாள், வேறு வண்டியில்.

(இங்கே நான்கு பக்கம் இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தா, கையெழுத்து வாங்கிய நர்ஸ், பார்ப்பவர்களிடமெல்லாம் "சின்ன டெஸ்ட்தானே?" என்று தம்பி கேட்டுக்கொண்டே இருந்தது. கிழித்துவிட்டேன். அந்த மாதிரி வராந்தாவில் நீங்களும் நின்றிருப்பீர்கள். உங்களிடம் இருப்பதைப் போட்டு நிரப்பிக்கொள்ளுங்கள்.)

ஒரு மாதம் கழித்துப் பல் டாக்டர் வீட்டுக்கு வந்தார். வட்டத்தில் உறுப்பினராக இருந்தது அக்காதான். தம்பி அந்தப் பக்கமே போனதில்லை.

"அவங்க நாற்காலி காலியா இருக்கு சார். நீங்க வந்து உக்காருங்க" என்றார். மரத்துப்போக ஊசி போட்டே பழகியவர், ஆறுதல் சொல்ல இதற்குமேல் பயிற்சியில்லை.

தம்பி போனான். அந்த மாதம் எடுத்துக்கொண்டது ஒரு பள்ளி ஆசிரியையைப் பற்றிய நாவல். அவன் பத்து வருடத்துக்கு முன்பே படித்தது. துணிந்து கையைத் தூக்கினான்.

"எனக்கு அந்த முடிவு ரொம்பப் பிடிச்சுது. டீச்சர் மாற்றல் வாங்கிட்டு மலைப்பக்கம் போறாங்க. சின்னதா ஒரு வீடு எடுத்து, தோட்டம் போட்டு..."

இரண்டு மூன்று பேர் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களைப் புரட்டினார்கள்.

"சார், அவங்க கிணத்துல விழுந்துடறாங்க" என்றார் நூற்றுப்பன்னிரண்டு.

"யாரு?"

"டீச்சர்."

"எப்ப?"

"கடைசி அத்தியாயத்துல. முந்நூத்தி நாலாம் பக்கம்."

"இல்லீங்களே. தக்காளிகூட காய்ச்சுதே."

பல் டாக்டர் குரலைத் தாழ்த்தினார். "இது மாற்று வாசிப்புங்க. கிணறுங்கறது ஒரு படிமம். தோட்டத்துக்குத் தண்ணி வேணுமில்ல?"

எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார். அன்றைக்கு வட்டத்தில் தம்பிக்கு ஆழமான வாசகன் என்று பெயர் கிடைத்தது. ஆழமான வாசகன் வீட்டுக்கு வந்து, ஸ்டூலைப் போட்டு ஏறி, புத்தக அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஆரம்பித்தான்.

4

ஆக, இந்த ஆண்டு அவன் படித்தது நாற்பத்தொரு கடைசி அத்தியாயங்கள். வேறொன்றும் இல்லை.

புதிய ரப்பர் பேண்டுகள் சுலபமாகக் கழன்றன. பழையவை காகிதத்தோடு ஒட்டிப்போய், தொட்டதும் பொடிந்து, பக்கத்தின் குறுக்கே பழுப்பாக ஒரு கோடு விட்டன. அவன் லென்ஸ் துடைக்கும் துணியால் துடைத்துவிட்டுப் படித்தான். செத்தவர்கள் மொத்தம் ஐம்பத்தெட்டு பேர். (போருக்குப் போன ஒரு படை முழுவதையும் ஒரே ஆளாகத்தான் எண்ணியிருக்கிறேன்.) நாற்பது வருடமாக எங்கள் வீட்டில் எந்த நாவலிலும் ஒருவர்கூடச் செத்ததில்லை என்பதை வைத்துப் பார்த்தால், இது கொள்ளைநோய்.

வட்டம் கேட்ட பட்டியல் இதோ.

முதலாவது, கிணற்று ஆசிரியை. சொல்லியாகிவிட்டது.

இரண்டாவதில் ஓர் உப்பளத் தொழிலாளி. ஆசிரியர் அவனை மழையில் நிறுத்திப் பதினான்கு பக்கம் சாகடிக்கிறார். அக்கா அவனுக்கு பேக்கரியில் வேலை வாங்கிக் கொடுத்திருந்தாள். "உப்பை விட்டுட்டுச் சர்க்கரைக்கு மாறிட்டான்டா" என்றாள். எது இலக்கியம் என்று வட்டம் முடிவு செய்யட்டும். எது நல்ல வேலை என்பதில் தம்பிக்குச் சந்தேகமில்லை.

மூன்றாவது, ஓர் அச்சகத்துக்காக அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் வெட்டிக்கொள்வது. அக்காவிடம் அவர்கள் ராசியாகி, காலையில் ஒருவரும் மாலையில் ஒருவரும் கடை திறந்தார்கள்.

நான்கிலிருந்து ஏழுவரை எல்லோரும் மகள் வீட்டுக்குப் போனவர்கள். எட்டாவது நாவலின் கிழவர் கல்யாணமே செய்துகொள்ளாதவர். அவரும் மகள் வீட்டுக்குத்தான் போனார். தம்பி அப்போது கேள்வி கேட்கவில்லை, வளர்ப்பு மகளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

ஒன்பதாவதில் ஆசிரியரே எல்லோரையும் பிழைக்கவிட்டு, கல்யாணமும் செய்துவைத்து முடிக்கிறார். அக்காவுக்கு வேலையே இல்லை. அதைப் பற்றி அவள் சொன்னது: "முடிவு சுமார்தான்டா."

பத்தாவது, படகுக்காரன். கடைசி அத்தியாயத்தின் முதல் வரியிலேயே செத்துக் கிடக்கிறான். மீதி இருபது பக்கமும், அக்கரையில் நிற்பவர்கள் விஷயம் தெரியாமல் படகைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பதுதான். தம்பி இரண்டு தடவை படித்தான். அழவில்லை. நாய்க்காக இரண்டு நாள் பட்டினி கிடந்தவன் படகுக்காரனுக்கு ஒரு வேளைகூடத் தவறவிடவில்லை. இவ்வாறாக வாசிப்பு மனிதனைப் பக்குவப்—

(வேண்டாம். மலரில் மற்ற எல்லோரும் அந்த வரியை எழுதியிருப்பார்கள். அவன் பக்குவப்படவில்லை. வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தான்.)

5

அவன் யோசித்தது இது. நாற்பத்தொரு முடிவுகளில் நாற்பதைக் கைக்கு வந்தபடி சொன்னவள், நாற்பத்திரண்டாவதை மட்டும் ஒழுங்காகச் சொல்லியிருப்பாளா?

அவள் போவதற்கு நான்கு மாதம் முன்பு ஒரு நாள், நீல நிற ஃபைல் ஒன்றோடு வீட்டுக்கு வந்தாள்.

"டாக்டர் என்னக்கா சொன்னார்?"

"ஒண்ணுமில்லன்னுட்டார். நல்லாத் தூங்கணுமாம். ஃபேனைக் கொஞ்சம் கூட்டி வை."

தம்பி ஃபேனைக் கூட்டி வைத்தான். அவன் செய்த வைத்தியம் அவ்வளவுதான். ஃபைல் அவள் துணி அலமாரிக்குப் போனது, இன்னும் அங்கேதான் இருக்கிறது.

அவளுக்குத் தெரியாதென்றால் பரவாயில்லை. யாரோ அவளுக்கும் அஞ்சு நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். தெரியுமென்றால், நான்கு மாதம் தினமும் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாள், தன் முடிவைக் கையில் வைத்துக்கொண்டு. பயமாக இருக்கிறது என்று சொல்ல வீட்டில் இருந்த ஒரே ஆள், கதைப்புத்தக நாயையே தாங்காதவன். அவள் தனியாகத்தான் பயந்திருப்பாள். அதற்குக் காரணம் இவன்தான்.

(பத்து புத்தகத்துக்குப் பத்து வரி கேட்டார்கள். தெரியும். எனக்கும் அங்கேயே நிறுத்த ஆசைதான்.)

ஃபைலைத் திறந்தால் அவளிடம் எப்போது என்ன சொன்னார்கள் என்று இருக்கும். அலமாரியைத் திறக்கும் தைரியம் இல்லாதவன் பஸ் பிடித்து லிஃப்ட் கம்பெனிக்குப் போனான். பத்தொன்பது வருடம் அக்காவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவள் ஹெட்செட்டைக் கழுத்துக்கு இறக்கினாள்.

"அக்காவுக்கு முன்னாடியே தெரியுமா?"

"இல்ல தம்பி. ஒண்ணுமே தெரியாது. கடைசி நாள் வரைக்கும் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்தாங்க. நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

"நிஜமா?"

"உங்ககிட்ட நான் எதுக்குப் பொய் சொல்லப்போறேன்?"

நல்ல குரல். நிதானமாக, வெதுவெதுப்பாக, எங்கேயும் இடறாமல் வந்தது. தம்பிக்கு நெஞ்சிலிருந்து ஒரு கல் இறங்கியது. அது முழுவதும் இறங்கி முடிப்பதற்குள் ஃபோன் அடித்தது. அவள் ஹெட்செட்டை ஏற்றிக்கொண்டு, அதே குரலில், ஒரு நூல்கூடக் கூடாமல் குறையாமல், "பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்றாள்.

விசாரிக்கப் போவதற்கு ஊரில் வேறு இடமே இல்லையா என்று கேட்கிறீர்கள். நானும் அவனிடம் அதைத்தான் கேட்டேன்.

6

முடிவுகள். கையிருப்பில் உள்ளவை:

(அ) தம்பி ஃபைலைத் திறக்கிறான். முதல் தாளிலேயே அவள் போவதற்கு நான்கு மாதத்துக்கு முந்தைய தேதி, 'விளக்கிக் கூறப்பட்டது' என்ற வரி, கீழே அக்காவின் கையெழுத்து. இதை எழுதிப் பார்த்தேன். கையெழுத்துக்குப் பிறகு தம்பியை என்ன செய்யவைப்பது என்று தெரியவில்லை. நாற்காலியில் உட்காரவைத்தேன். அங்கேயே இருக்கிறான்.

(ஆ) திறக்கிறான். எல்லாம் டாக்டர்களின் கிறுக்கல், அக்காவுக்கு ஓர் எழுத்தும் விளங்கியிருக்காது. அவன் நிம்மதியாக மூச்சு விடுகிறான். இது எனக்கே சுமார்தான்.

(இ) திறக்கவில்லை. பல் டாக்டருக்கு இதுதான் பிடிக்கும். ஃபைல் மூடிக் கிடக்க, இதற்குத் திறந்த முடிவு என்று பெயர் வைத்து ஒரு மாதம் பேசுவார்கள்.

(ஈ) அக்கா வேலையை விட்டுவிட்டு, மகள் வீட்டுக்கு—

(இல்லை. கல்யாணமாகாத கிழவருக்கே மகளை ஏற்பாடு செய்தவளுக்கு நான் ஒரு மகளைக் கொடுத்திருக்கலாம். பெயர்கூட யோசித்தேன். எனக்கு அந்தக் கை இல்லை.)

மலருக்கு எழுதிக்கொடுக்கக் கடைசி நாளன்று பல் டாக்டர் ஃபோன் செய்தார். "என்ன சார், எல்லாரும் குடுத்துட்டாங்க. நூற்றுப்பன்னிரண்டு இந்த வருஷம் நூத்தி முப்பது."

"முடிவுதான் பாக்கி டாக்டர்."

"பட்டியலுக்கு எதுக்கு சார் முடிவு?"

நியாயமான கேள்வி. ஆகவே முடிவு எழுதப்போவதில்லை. நீல ஃபைலை அலமாரியிலிருந்து எடுத்து, திறக்காமல், இந்தத் தாள்களோடு சேர்த்துக் கொடுத்தனுப்புகிறேன். வட்டத்தில் யாராவது ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படியுங்கள். படித்துவிட்டு வந்து தம்பியிடம் சொல்லுங்கள். உள்ளதைத்தான் சொல்ல வேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொல்லும்போது குரல் மட்டும் கொஞ்சம் இடறட்டும், அவன் நம்பிவிடுவான்.

அவன் வீட்டில்தான் இருப்பான். முன்னறை ஜன்னல் மேற்குப் பார்த்தது. சாயங்காலம் ஐந்தே முக்கால் வரைக்கும் விளக்குப் போடாமல் படிக்கலாம்.