சிலம்ப நாட்களில் மிஞ்சும் சோறு

செவ்வாயும் வியாழனும் மட்டும் ஏன் சோறு மிஞ்சுகிறது என்பது தலைமையாசிரியை பூர்ணிமாவுக்குப் பிடிபடவே இல்லை. அதே அரிசி, அதே பருப்பு. பரிமாறுவதற்கு முன் ஒரு வாய் சாப்பிட்டுப் பார்ப்பது ஆசிரியரின் பொறுப்பு. அந்த நாட்களிலும் ருசியில் குறை தெரியவில்லை. ஆனாலும் அரசலாற்றங்கரையில் இருந்த அந்தத் தொடக்கப் பள்ளியின் எச்சில் வாளி அந்த இரண்டு நாளும் நிரம்பி வழிந்தது.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்கள் காரணம் கேட்டார்கள். பதில் தெரியாத சங்கடத்தில் பூர்ணிமா, "நாகம்மாள் அந்த ரெண்டு நாளும் கொஞ்சம் அசட்டையா சமைக்கிறாங்க போல" என்று சொல்லிவிட்டாள்.

"அடுத்த கூட்டத்துக்குள்ள சரியாகலன்னா வேற சமையல் ஆள் கேட்டு மனு போட்டுருவோம்" என்றார் குழு உறுப்பினர் தங்கையன்.

சமையல் செய்யும் நாகம்மாள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். மறுநாளிலிருந்து ருசி பார்க்கக் கிண்ணத்தை நீட்டும்போது பூர்ணிமாவின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

செவ்வாயன்று பூர்ணிமா பிள்ளைகளோடு பந்தியில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மூன்றாம் வகுப்பு ஆஷிகா. முட்டையை அப்படியே வாயில் அடைத்துக்கொண்டு, சாம்பார் சாதத்தில் ரெண்டு வாய் அள்ளிப் போட்டுவிட்டு எழுந்துவிட்டாள்.

"ஏண்டி, சாதம் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் இருக்கு டீச்சர். முதல்ல தட்டைக் கழுவுறவங்களுக்குத்தானே பிரம்புக் கம்பு? விடுங்க டீச்சர், அப்பறம் பைப்புதான் கிடைக்கும்!"

பூர்ணிமாவின் கையில் எடுத்த கவளம் அப்படியே நின்றது.

சிலம்ப மாஸ்டர் செவ்வாயும் வியாழனும் சுவாமிமலையிலிருந்து வருபவர். மாலையில் அவருக்கு வேறு வகுப்புகள். அதனால் இங்கே மதிய இடைவேளையில், சாப்பாடு முடிந்ததும் சொல்லிக்கொடுத்தார். பிரம்புக் கம்புகள் எல்லோருக்கும் போதாது. மிச்சப் பிள்ளைகளுக்கு பிளாஸ்டிக் குழாய்த் துண்டு. தட்டு கழுவும் குழாயடியில் பிள்ளைகள் நின்று விளையாடி நேரம் கடத்துகிறார்கள் என்று, முதலில் கழுவி வருபவர்களுக்குப் பிரம்பு என்று விதி போட்டது பூர்ணிமாதான். விதி நன்றாகவே வேலை செய்தது. குழாயடியில் யாரும் நிற்கவில்லை. பந்தயம் அங்கிருந்து தட்டுக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

யாரிடமும் காரணம் சொல்லாமல் சிலம்ப நேரத்தை மட்டும் மாற்றிவிடலாம் என்றும் தோன்றியது. சோறு மிஞ்சுவது நின்றுவிடும். திட்டு வாங்கியதும் நாகம்மாள் திருந்திவிட்டாள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும். அப்படி ஒரு கணம் நினைத்ததே அவளைக் கூசவைத்தது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்று நடந்ததைச் சொன்னாள். "தப்பு சமையல்ல இல்லைங்க. நான் போட்ட விதியிலதான்."

நாகம்மாள் கதவை விட்டு உள்ளே வந்தாள். "ருசி பார்த்தப்ப எப்படி இருந்துச்சு டீச்சர்?"

"நல்லா இருந்துச்சு."

"அதை அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

பூர்ணிமா தலையைக் குனிந்துகொண்டாள். காது மடல் சுட்டது.

"விடு நாகம்மா, டீச்சரே ஒத்துக்கிட்டாங்கள்ல" என்றார் தங்கையன்.

"நீங்க சும்மா இருங்கண்ணே. மனு எழுதப் பேனா தேடுன ஆளு நீங்க."

எல்லோரும் சிரித்தார்கள். பூர்ணிமா மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்போது சிலம்பம் சாப்பாட்டுக்கு முன்னால் நடக்கிறது. பிரம்பும் குழாயும் வகுப்பின் பாதியில் கைமாறும். ஆடி முடித்து, கம்புகளை அடுக்கி, கைகழுவி உட்கார்ந்த பிறகுதான் சோறு. அதன்பின் ஓட வேண்டிய இடம் எதுவும் இல்லாததால், பிள்ளைகள் பசியோடு உட்கார்ந்து முழுவதையும் சாப்பிடுகிறார்கள்.