கடைசியாக வருபவர் சாத்த வேண்டும்

வசந்தத்தில் நடக்க வருகிறவர்களைக் கண்டாலே எனக்கு எரிச்சல். பூத்த பிறகு யார் வேண்டுமானாலும் வருவார்கள். எங்கள் வேல்ஸ் பக்கம் வானம் சாம்பலாய்க் கவிந்து, சேறு முழங்கால் வரை ஏறும் பிப்ரவரிதான் எனக்கும் என் மனைவி நெரிஸுக்கும் பிடித்த மாதம். முப்பத்தொரு வருடம், ஞாயிறுதோறும் மேய்ச்சல் நிலங்களின் வழியே நடந்தோம். நான் முன்னால், அவள் எப்போதும் பத்தடி பின்னால்.

சில மாதங்களுக்குப் பிறகு நேற்றுதான் மறுபடி நடந்தேன். குன்றின் உச்சியில் நின்றபோது, நிலத்துக்காரர் இட்வால் மூச்சிரைக்க ஏறி வந்தார்.

"யோவ் கெதின், அறிவிருக்காய்யா உனக்கு? மூணு வேலிக்கதவையும் ஆன்னு திறந்து போட்டுட்டு வந்திருக்கே! சினை ஆடெல்லாம் ரோட்டுல நிக்குது. கடைசியா வர்றவங்க சாத்தணும்னு சின்னப் புள்ளைக்குக்கூடத் தெரியும்!"

"நான் எங்கேய்யா கடைசியா..." என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். கீழே மூன்று கதவுகளும் வரிசையாகத் திறந்து கிடந்தன. பாதையில் யாரும் வரவில்லை.

இட்வாலும் பார்த்தார். நவம்பரில் நெரிஸின் சவப்பெட்டியைத் தூக்கிய ஆறு பேரில் அவரும் ஒருவர். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"விடுப்பா. நீ நட, நான் சாத்திக்கிறேன்."

"வேண்டாம்யா. இனி என் வேலைதானே."

இருவருமாக ஆடுகளை உள்ளே ஓட்டினோம். மேலே இருந்த இரண்டு கதவுகளையும் சாத்திவிட்டேன். ரோட்டோரத்துக் கதவுக்கு வெளியே வந்து, அதில் கை வைத்தபடி நின்றேன். சாத்தினால் அவள் உள்ளேயே நின்றுவிடுவாள்.