முடியும் என்று சொல்லிப் பழகியவள்

காளியாயியின் வலது கை விழுந்து இரண்டு வருடமாகிறது. பக்கவாதம் என்று ஹட்டன் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். கால் மெல்ல மெல்லத் தேறியது. கை மட்டும் தேறவேயில்லை. மாதாமாதம் கிளினிக்குக்குப் போக வேண்டும். அங்கே இல்லாத மருந்தை வெளியில் வாங்க வேண்டும். தனியாக இருப்பவளுக்கு அது கட்டுப்படியாகவில்லை. பாதி மாதங்கள் போகாமலே இருந்துவிட்டாள். இன்னொரு முறை வாதம் வந்தால் உயிருக்கே ஆபத்து என்று வைத்தியர் எச்சரித்திருந்தார்.

அதனால்தான், வயதாலும் நோயாலும் உடல் இயலாதவர்களை அரசாங்க மருத்துவ உதவிக்குப் பதிய ஆட்கள் வருகிறார்கள் என்றதும், தேயிலைத் தோட்டத்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் குடியிருக்கும் மீனம்மா அவளைக் கோயில் மண்டபத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தாள்.

வரிசையில் பின்னால் நின்ற, அதே லயத்து முதியவர் மூக்கன் சிரித்தார்.

"என்ன மதினி, சேலையும் பூவுமா? ஒங்களப் பாத்தா ஒதவி குடுக்க மாட்டாங்க, மாப்பிள்ளதான் பாப்பாங்க."

"ஒங்களுக்கு ஏன் வயிறு எரியுது?" என்றாள் காளியாயி. முந்தானையைத் தோளைச் சுற்றிப் போர்த்தி, வலது கையை அதற்குள் ஒளித்திருந்தாள்.

மேசைக்குப் பின்னால் இருந்த ரஜனி யாழ்ப்பாணத்துக்காரி. பிரதேச செயலக உத்தியோகத்தர். முதலில் அவள் விசாரித்து, தகுதியானவர்களை உள்ளே இருக்கும் வைத்தியரிடம் அனுப்ப வேண்டும்.

"சமையல் ஆர் அம்மா செய்யிறது?"

காளியாயி நிமிர்ந்து நின்றாள். "நான்தாங்க மிஸ்."

"உடுப்பு மாத்துறது, தலை இழுத்துப் பின்னுறது?"

"எல்லாம் நானேதாங்க. ஒரு கொறையும் இல்லைங்க."

அது அவளுக்குப் பொய்யாகத் தோன்றவேயில்லை. விடியற்காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் வாழ்நாளெல்லாம் நின்றவள். மேலுக்கு முடியவில்லை என்று சொன்னவர்களை, வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா லயத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அன்றைய பேரும் சம்பளமும் போய்விடும். காய்ச்சலோடும் "முடியுங்க" என்று சொல்லித்தான் பிள்ளையை வளர்த்தாள். மேசைக்குப் பின்னால் ஒருவர் பேனாவோடு இருந்து கேட்டால், அவள் வாயில் வேறு பதில் வராது.

ரஜனி தயங்கினாள். "அப்பிடியெண்டா உங்களைப் பதிய ஏலாதே அம்மா."

மீனம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "மிஸ், நான் வாயத் தெறக்க மாட்டேன்னு மாரியம்மனுக்கு முன்னால சத்தியம் பண்ணிருக்கேன். நான் ஒன்னும் சொல்லல. அக்காவ அந்தப் பின்னல அவுத்து மறுபடி பின்னச் சொல்லுங்க."

"அடி பாவி!" என்றாள் காளியாயி.

ரஜனி பின்னலை அவிழ்க்கச் சொல்லவில்லை. எழுந்து தன் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டு, காளியாயியை அதில் உட்கார வைத்தாள். தான் பக்கத்தில் குந்தினாள். பேனா மேசையிலேயே கிடந்தது.

"நான் உங்களை வேலையில இருந்து நிப்பாட்ட வரேல்லை அம்மா. என்ன ஏலாது எண்டு தெரிஞ்சாத்தான் நான் ஏதும் செய்யலாம்."

கடவுள் பெரிய அற்புதங்களை அடிக்கடி செய்வதில்லை. இப்படி ஒருவரை இன்னொருவருக்குப் பக்கத்தில் உட்கார வைப்பதோடு பல நேரம் நிறுத்திக்கொள்கிறார்.

காளியாயி முந்தானையை விலக்கினாள்.

"பின்ன முடியாதுங்க. சேல கட்ட முடியாது. அரிசி களைய முடியாது. எல்லாம் இவதான் வந்து செய்யிறா. அதுல பெரட்டுக்குப் பிந்திப் போயி கண்டாக்கு ஐயாகிட்ட ஏச்சு வாங்குறா. என்கிட்ட சொன்னதில்ல. எனக்குத் தெரியும்."

மீனம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "யாரு சொன்னது? அந்தாளு எல்லாரையுந்தான் ஏசுவாரு."

உள்ளே வைத்தியர் அவள் கையை மெதுவாகத் தூக்கிப் பார்த்தார். விட்டதும் அது விழுந்தது. அவர் கையெழுத்திட்டார், காளியாயியின் பெயர் பதிவானது. இனி எந்த மாதமும் கிளினிக்கைத் தவறவிட வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்.

அவள் வெளியே வந்தபோது அந்த நாற்காலியில் மூக்கன் இருந்தார். ரஜனி இன்னும் ஒன்றும் கேட்கவில்லை.

"எனக்குக் கண்ணு சரியாத் தெரியலைங்க மிஸ்" என்றார் மூக்கன். "படி எறங்குறப்ப முன்னால போறவங்க காலடிச் சத்தத்தக் கேட்டுத்தான் எறங்குறேன். வீட்டுல யாருக்கும் தெரியாது."

காளியாயி போகாமல் நின்றாள். "நீங்க முடிச்சிட்டு வாங்க" என்றாள். "சேந்தே எறங்குவோம்."