பாடலுக்கு உரியவர்கள்

மடிக்கணினியில் பதிப்புரிமைப் பதிவு விண்ணப்பத்தின் ‘பாடலுக்கு உரியவர்கள்’ என்ற கட்டத்தில் என் புருஷன் தன் பெயரோடு சேர்த்து ‘உதயரூபன், கஜானி’ என்று தட்டியதைப் பார்த்ததும் மீன் வெட்டிக்கொண்டிருந்த நான் எழும்பி வந்துவிட்டேன். கை கழுவவில்லை. கழுவிவிட்டு வருவதற்குள் அவர் அனுப்பிவிட்டால்?

“அவள் எப்ப பாட்டு எழுதினவள்?”

“எழுதல்ல புள்ள, பாடினவள்தானே. பாட்டையும் ஒலிப்பதிவையும் ஒண்டாப் பதியலாம். ஆனா ரெண்டுக்கும் உரியவங்க ஒரே ஆக்களா இருக்கோணுமாம். இல்லாட்டி ரெண்டு விண்ணப்பம் போடோணும். ஒண்டாப் போட்டாச் சுகம்.”

சுகமாம்! ஆரையம்பதியில் ஓடுகிற ஆட்டோவிலெல்லாம் மூன்று மாதமாக அவள் குரல்தான். கலியாண வீட்டில் அவள், கடைத்தெருவில் அவள், என் வீட்டு ஃபோனிலும் அவள். ஒலிப்பதிவில் அவளுக்குப் பங்கு இருக்கட்டும். அந்தக் குரலை நான் குறை சொல்லமாட்டேன், வயிறு எரிந்தாலும் காதுக்குத் தெரியும். ஆனால் பாட்டு? அவள் அதில் மட்டும் குரலைத் தாழ்த்திப் பாடுகிற, ஊரே முணுமுணுக்கிற ‘கதவு பூட்டல்ல, கண்ணும் மூடல்ல’ என்ற வரி என் வாயிலிருந்து வந்தது. பாட்டுப் பழக்குகிறேன் என்று அவள் வீட்டில் இருந்துவிட்டு இவர் பிந்தி வந்த நாளில், சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு நான் கத்தியது. இந்த மனிசன் அதை எடுத்து மெட்டுப்போட்டு, போயும் போயும் அவளிடமே பாடக் கொடுத்தார்.

“ரெண்டாப் பதியுங்க. பாட்டுக்கு என்ட பேர் வரோணும். அவள்ட பேர் வேணாம்.”

“போடலாம். மறுகா கஜானி கேப்பாளே, அக்கா எப்ப எழுதின எண்டு. என்ன சொல்லப் போறாய்?”

அதில்தான் என்னை மடக்கினார். பெயரைப் போட்டால் நான் எரிந்தது அவளுக்குத் தெரிந்துவிடும். விட்டால் என் எரிச்சலும் அவள் சொத்தாகிவிடும். மீன் கையைச் சீலையில் துடைத்தேன். பிறகு அவருடைய ஃபோனை எடுத்து, அவருக்கும் கேட்கிற மாதிரி வைத்து, நானே அவளுக்கு அடித்தேன்.

“கஜானி, அந்தக் கதவு வரி நான் சொன்னது. உங்கட வீட்ட இருந்து இவர் பிந்தி வந்த நாள். உன்ன நினைச்சுத்தான் கத்தினன்.”



“தெரியும் அக்கா,” என்றாள். “பாடக்குள்ளயே தெரியும். அதாலதான் அந்த வரிய மட்டும் அப்பிடிப் பாடினன்.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. கஜானியின் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். அவருடைய பெயருக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கோடு விட்டுவிட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.