முப்பத்து மூன்றில் பாடுகிறவர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது கதையாக வந்திருக்கவே கூடாது. பத்திரிகை ஆசிரியர் என்னிடம் கேட்டது 'அவசியம் கேட்கவேண்டிய பத்து ஆல்பங்கள்' என்றொரு கட்டுரை. சோல், ஜாஸ், பாப் என்ற மேற்கத்திய இசை மூன்றும் கலந்து, ஒவ்வொன்றுக்கும் நாலு வரி. "கதை விடாதீங்க சார், எது நல்லாருக்கும்னு மட்டும் சொல்லுங்க போதும்" என்றார். ஒன்பதை எழுதிவிட்டேன். பத்தாவதில் என் அக்கா குறுக்கே வந்துவிட்டாள்.

2

தொடக்கம் ஒன்று: 'மெல்லிய இசை அறையெங்கும் பரவி…' (வேண்டாம். இப்படித் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.)

தொடக்கம் இரண்டு: 'இசை என்பது மனித மனத்தின்…' (எழுதின கையை உடைக்கவேண்டும்.)

தொடக்கம் மூன்று: என் அக்கா பல் மருத்துவர்.

இது பரவாயில்லை, நிற்கட்டும். அக்காவின் கிளினிக்கில் ஒரே ஒரு சாய்வு நாற்காலி. அதன் பக்கத்தில், கருவிகளைக் கொதிக்கவைக்கும் பெட்டிக்கு மேல் உள்ள பலகையில் ஒரு ரெக்கார்ட் பிளேயர். அதில் எப்போதும் ஒரே இசைத்தட்டு. ஊர்ப்பட்ட ஆல்பங்களைக் கேட்டு எழுதும் தம்பி அதை அதுவரை கேட்டதில்லை. காரணம், எனக்குப் பல் டாக்டர் என்றால் பயம். கூடப் பிறந்தவளாக இருந்தால் மட்டும் பயம் போய்விடுமா என்ன? கடைவாய்ப்பல் உயிரை எடுத்த பிறகுதான் போய்ப் படுத்தேன்.

3

ஒரு ஆண் குரல். அடித்தொண்டையிலிருந்து, ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரு தூக்கம் போட்டு எழுந்து வருவதுபோல. பின்னால் சாக்ஸபோன் நீளமாகக் கொட்டாவி விட்டது. சோலா, ஜாஸா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆனால் மனுஷன் ஆளை உருக்கிவிட்டார்.

"பாடுறது யாரு, அக்கா?"

"நம்மாளு."

"பேரு?"

"யாருக்குத் தெரியும்? அட்டைல குரூப் பேருதான் போட்டிருக்கு. வாயத் தொற."

அட்டையில் ஒரு இளம்பெண், பல் அத்தனையும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப இது?"

"அவரோட சம்சாரமா இருக்கும். இந்தப் பல்லுக்காகத்தான்டா பழைய தட்டுக் கடைல இத வாங்கினேன். மேல் வரிசையப் பாரு, ஏதாவது குறை சொல்ல முடியுமா?"

(உலகத்தில் பாடகிகளின் குரலுக்காகத் தட்டு வாங்குகிறவர்கள் உண்டு, அழகுக்காக வாங்குகிறவர்கள் உண்டு. கடைவாய் வரைக்கும் எண்ணிப் பார்த்து வாங்கினவள் என் அக்கா ஒருத்திதான்.)

தற்காலிகமாக மருந்து வைத்து அடைத்தபடியே அவள் சொன்னாள். தனியாக கிளினிக் வைத்த புதிதில், பல் பிடுங்கும்போது மட்டும் அவளுக்குக் கை நடுங்குமாம். பெரிய டாக்டரிடம் வேலை பார்த்தவரை பக்கத்தில் அவர் இருந்தார். இங்கே யாருமில்லை. இடுக்கியை எடுப்பாள், வைப்பாள். "வேற டாக்டர்கிட்ட போங்க" என்று எத்தனையோ பேரை அனுப்பியிருக்கிறாள். கடையையே மூடிவிடலாம் என்றிருந்தபோதுதான் இந்தத் தட்டு.

"நம்மாளு ஒரு வரி பாடிட்டு அடுத்த வரிக்கு வர்றதுக்குள்ள பல்லு வெளிய வந்துடும்டா. கை ஆடாது. பத்தாவது ஆல்பம் இன்னும் எழுதலன்னியே, இவரப் போடேன். பாவம், யாரும் எழுதினதே இல்ல போல."

4

எழுதுவதற்காகத் தட்டை ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் இரவல் கொடுத்தாள். "திங்கக்கிழமை காலைல வந்துடணும், ஆமா."

வீட்டில் உறையிலிருந்து எடுத்ததும் நடுவில் ஒட்டியிருந்த வட்டத்தைப் பார்த்தேன். ஓரத்தில், எறும்பு சைஸில், நாற்பத்தைந்து.

விவரம் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. தட்டு நிமிடத்துக்கு முப்பத்து மூன்று முறையும் சுற்றும், நாற்பத்தைந்து முறையும் சுற்றும். பிளேயரில் அதற்கொரு விசை உண்டு. பெரிய தட்டென்றால் முப்பத்து மூன்று, சின்னது நாற்பத்தைந்து. அப்பா எங்களுக்கு வாய்ப்பாடு மாதிரி சொல்லிக்கொடுத்தது இது. பெரிய தட்டிலும் நாற்பத்தைந்து வரும் என்பதை அவர் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரும் பொடி எழுத்தைப் படிப்பதுமில்லை.

விசையைத் தள்ளினேன்.

அடேயப்பா! கொட்டாவி விட்ட சாக்ஸபோன் குதித்து எழுந்தது. கைதட்டல், துள்ளும் பேஸ் கிட்டார், அதற்கு மேலே ஒரு பெண், அட்டையில் இருப்பவளேதான், மூச்சு விடாமல் பாடினாள். அக்கா முப்பத்து மூன்றில் மெதுவாகச் சுற்றவிட்டதில் அவள் குரல்தான் தடித்து ஆண் குரலாகியிருக்கிறது. மூன்றாவது பாட்டின் முடிவில் நம்மாளு அடக்கமாட்டாமல் அழுவார், கிளினிக்கில் கேட்டிருந்தேன். அது அந்தப் பெண் வாய்விட்டுச் சிரிப்பது!

பத்தாவது ஆல்பத்துக்கு நாலு வரி எளிதாக வந்தது: 'சமையலறையில் தனியாக இருக்கும்போது போடுங்கள். பாத்திரம் தேய்ப்பவர் இடுப்பையும் சேர்த்து ஆட்டிவிடுவார். சோலுக்கும் பாப்புக்கும் நடுவே இத்தனை சந்தோஷமாக நின்று…'

அங்கேயே நின்றுவிட்டேன். நம்மாளு எங்கே?

5

என் கதைகளில் எத்தனையோ பாத்திரங்களை நான் நம்பியதில்லை. இவரை முழுசாக நம்பினேன். இவரோ உலகத்தில் எங்கும் இல்லை, அக்காவின் கிளினிக்கைத் தவிர. ஓடுகிற ஒன்றை மெதுவாகச் சுற்றவிட்டு, இல்லாத ஒருவரைப் பாடவைப்பது, அது கதைக்காரன் வேலைதானே? (ஆசிரியர் இந்த வரியை வெட்டுவார். வெட்டட்டும்.)

முடிவு அ: சொல்லாமல் விடுகிறேன். அக்கா பல் பிடுங்கிக்கொண்டே இருக்கிறாள். சுபம். ஆனால் அந்தப் பெண் இவ்வளவு அழகாகச் சிரித்திருக்க, அதைக் காலமெல்லாம் அழுகையாகவே கேட்டுக்கொண்டிருப்பாளா என் அக்கா?

முடிவு ஆ: சொல்கிறேன். நம்மாளு போய்ச் சேருகிறார். அக்காவின் கை மறுபடியும்…

இதை என்னால் முடிக்க முடியவில்லை. பத்தாவதாக வேறொன்றை, பியானோக்காரர் வாசித்துக்கொண்டே முனகுகிற ஒரு ஜாஸ் தட்டைப் போட்டு ஒப்பேற்றியிருக்கலாம்தான். நல்ல தட்டுதான் அதுவும். ஆனால் இந்தக் கதை அதற்குள் பாதி வந்துவிட்டது. இருக்கிறவர்களைப் பற்றி எழுதினால் அச்சுக்குப் போகுமுன் அவர்களிடம் காட்டிவிடுவது என் வழக்கம். இதுவரை நீங்கள் படித்ததைத் திங்கட்கிழமை காலை தட்டோடு சேர்த்து அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

6

மத்தியானம் போன் வந்தது. எடுத்ததும் சிரித்தாள், வயிறு வலிக்கிற அளவுக்கு. "சம்சாரம்னு சொன்னேன்ல? ஐயோ, ஐயோ!" பிறகு தட்டை உறையில் செருகும் சத்தம் கேட்டது.

"அக்கா?"

"அப்ப அப்படி ஒருத்தர் இல்லவே இல்லையாடா?"

"இல்லக்கா."

"இத்தன நாளா என் கையப் புடிச்சுக்கிட்டிருந்தது யாரு, சொல்லு?"

கடைவாய்ப்பல்லை நாக்கால் தடவிக்கொண்டிருந்தேன்.

"சரி, சாயங்காலம் வா. அந்தப் பல்லு தேறாது, எடுத்துடலாம்."

7

மயக்க ஊசி போட்டாயிற்று. பாதி முகம் என்னுடையதில்லை. விளக்கு கண்ணைக் கூசுகிறது. இந்தப் பகுதியை நாற்காலியில் படுத்தபடி மனசுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்தில் தட்டு சுற்றத் தொடங்கும் சத்தம். முள் இன்னும் இறங்கவில்லை. அக்கா ஒரு கையில் இடுக்கியை எடுத்திருக்கிறாள், இன்னொரு கை விசையின் மேல். இடுக்கி ஆடுகிறதா என்று பார்க்கலாமென்றால், தலையைத் திருப்ப விடமாட்டாள்.

"கதையெல்லாம் எழுதினல்ல, நீயே சொல்லு. அவரையா, அவளையா? எதுல போடட்டும்?"

வாயில் ஆளுயரத்துக்குப் பஞ்சைத் திணித்துவிட்டுக் கேள்வி கேட்பது பல் டாக்டர்களுக்கென்றே உள்ள வியாதி. நான் "ஆ" என்றேன். அது யாருடைய பெயரும் இல்லை.

"சொல்லுடா" என்கிறாள். அவசரமே படாமல் காத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கென்னவோ, அவள் முகமூடிக்குள் சிரிக்கிறாள் என்றுதான் படுகிறது.

நீங்கள் வாயை மூடிக்கொண்டுதானே படிக்கிறீர்கள்? நீங்களாவது சொல்லுங்கள். பல் என்னுடையது, பார்த்துச் சொல்லுங்கள்.