ஒற்றைச் செருப்பு

முதலில் காணாமல் போனது ஒரு கம்மல். ஜோடியாக அல்ல, ஒன்றே ஒன்று. பெரிய விலையெல்லாம் இல்லை. நீலக் கல் வைத்தது, மனைவி வேலைக்குப் போட்டுக்கொண்டு போவது. அடுத்து ஒரு கையுறை. அதற்கும் அடுத்து, கதவோரம் அவள் கழற்றிவிட்டபடியே இருந்த செருப்பில் இடது கால்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். லிஃப்ட் நின்றுவிட்டால் அவர் கேட்கும் முதல் கேள்வி, கடைசியாக யார் கை வைத்தது என்பதுதான். வீட்டுச் சாவி அவரிடம் ஒன்று, கொழுந்தியாளிடம் ஒன்று. மனைவி இறந்துபோன பிறகு, மதியம் பள்ளி வேனிலிருந்து மகள் வாண்டை இறக்கி, சோறூட்டித் தூங்க வைப்பவள் அவள்தான். போன மாதம் ஒருநாள் சொன்னாள்: "அக்கா செருப்பையாவது உள்ள எடுத்து வச்சிடலாமே அத்தான். வரும்போதும் போகும்போதும் கண்ணுல படுது."

இப்போது எல்லாம் விளங்கியது. மொத்தமாக எடுத்தால் கத்துவேன். ஒன்றை எடுத்துவிட்டால் மற்றது எதற்கும் ஆகாது, நானே தூக்கிப் போட்டுவிடுவேன். கில்லாடிதான்.

"செருப்பு எங்கம்மா?"

"எந்தச் செருப்பு?"

"ஒண்ணும் தெரியாத பாப்பா மாதிரி கேக்காத."

அவள் கதவோரம் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆனது. அதையும் அவர் குறித்துக்கொண்டார்.

"எனக்கு ரெண்டு காலும் நல்லாத்தான் இருக்கு அத்தான். ஒத்தச் செருப்ப வச்சுக்கிட்டு நொண்டியாட்டமா ஆடப்போறேன்?"

"சாவியக் குடு."

வளையத்திலிருந்து சாவியைப் பிரித்து மேசையில் வைத்தாள். "நாளைக்கு வேன் வந்தா யாரு கதவத் திறக்கறதுன்னு யோசிச்சுக்குங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இரவெல்லாம் யோசித்தார். இனி லீவு கேட்டால் வேலையை விட்டே போகச் சொல்வார்கள். வாண்டை வெளியூரில் இருக்கும் அண்ணன் வீட்டில் விடுவதைத் தவிர வழியில்லை. பள்ளியிலிருந்து பிள்ளையை நிறுத்துவதைச் சொல்லத்தான் காலையில் வாண்டோடு அவரும் போனார்.

டீச்சர் வந்ததும் பிள்ளைகள் பாயைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அவர் வாசலிலேயே நின்றார். பாய் நிறைய ஒற்றைப் பொருட்கள். டீச்சர் ஒரு சாக்ஸைத் தூக்கிக் காட்டினார்.

"ஐயோ பாவம், இது தனியா இருக்கே! இதோட இன்னொண்ணு வந்தா?"

"ரெண்டு!"

"என் சாக்ஸுக்கு ஜோடி வராது டீச்சர், நாய் கடிச்சுத் தின்னுடுச்சு" என்றான் ஒரு பையன். சிரிப்பு அடங்க நேரமானது.

பாயின் ஓரத்தில் நீலக் கல் மின்னியது. பக்கத்தில் கையுறை. அதற்கும் பக்கத்தில் இடது செருப்பு.

அவர் பார்வை போன இடத்தை டீச்சர் கவனித்தார். "ஜோடியில ஒண்ண மட்டும் கொண்டுவரச் சொன்னேன் சார். எண்ணுறதுக்கு முன்னாடி ஒண்ணுக்கு ஒண்ணு சேக்கத் தெரியணும்ல? வீட்ல கேட்டுட்டுத்தான் எடுக்கணும்னும் சொல்லியிருந்தேன்."

அவர் வாண்டிடம் குனிந்தார். "யார்கிட்டக் கேட்ட?"

"அம்மாகிட்ட. போட்டோல. அம்மா வேணாம்னு சொல்லல."

அப்போதும் அவருடைய சந்தேகம் முழுசாகச் சாகவில்லை. "சித்தி எடுத்துக் குடுத்தாளா?"

"இல்லப்பா. சித்திகிட்டச் சொல்லவே இல்ல. செருப்பப் பாத்தா சித்தி அழும்."

வந்த விஷயத்தைச் சொல்லாமலே அவர் திரும்பினார்.

சாயங்காலம் வாண்டைக் கூட்டிக்கொண்டு கொழுந்தியாள் வீட்டுக் கதவைத் தட்டினார். அவள் பாதிக் கதவைத்தான் திறந்தாள்.

"இன்னும் என்ன காணோம்?"

அவர் உள்ளங்கையை நீட்டினார். இரண்டு சாவிகள். அவள் அவற்றைப் பார்த்தாளே தவிர எடுக்கவில்லை.

வாண்டு எக்கி இரண்டையும் எடுத்தாள். "இது அப்பாவுக்கு. இது சித்திக்கு." காலியான கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "மிச்சம் இல்ல, சரியா இருக்கு!"

சித்தியின் விரல்கள் சாவியை மூடிக்கொண்டன. அவரைப் பார்க்காமலே கேட்டாள்.

"செருப்பு?"

"கதவோரம்தான் இருக்கு. ரெண்டும். நீ சொன்னா உள்ள வச்சிடறேன்."

"இருக்கட்டும் அத்தான்" என்று முழுக் கதவையும் திறந்தாள்.